மச்சில் சீரகச் சம்பா வாசம்

ஜூன் 9, திங்கள்

மச்சில் யாரோ நடக்கிறார்கள்.

நேற்று விளக்கேற்றி முடித்த நேரத்தில் முதலில் கேட்டது. தொப்பென்று ஏதோ விழுந்தது. பிறகு மெத்து மெத்தென்று, கூடத்துக்கு மேலே மச்சுப் பலகையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடை. எலி இப்படி நடக்காது. எலிக்கு எப்போதும் அவசரம். இது வீட்டுக்கு வரி கட்டுகிற ஆள் மாதிரி சாவகாசமாக நடந்தது. இன்றைக்கும் அதே நேரம், அதே நடை.

குத்தாலிங்கத்திடம் சொன்னேன். இந்த நோட்டில் மட்டும்தான் அவர் பேரைச் சொல்வேன். நேரில் கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'தான். அவருக்கு நான் 'உலகு'. அவர் டிவி முன்னால் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்கோடி வரைக்கும் செய்தி கேட்கும்படி வைத்திருந்தார்.

"ஏங்க, மேல ஏதோ நடக்குது. கேக்குதா?"

செய்தியை விட்டுத் திரும்பவில்லை. எதிரே போய் நின்று மறுபடி கேட்டேன். அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

டிவியை அணைத்தேன். நடை தெளிவாகக் கேட்டது. "இப்பம்?"

"இல்லியே உலகு. காத்தா இருக்கும்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தூத்துக்குடி லைன் இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் தொண்டையைச் செருமினால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். என்னிடம் வந்து காற்று என்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் நடந்தது. அவருக்கு இன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்து எடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

தங்கை சொர்ணம் பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அத்தானுக்குக் கேக்கலயா?"

"இல்ல."

"யக்கா, அம்மாவுக்கும் இப்படித்தானே தொடங்கிச்சு."

அம்மாவுக்கு ஏறக்குறைய என் வயதில்தான் தொடங்கியது. பக்கத்து அறையில் யாரோ ஆட்டுரலில் மாவாட்டுகிறார்கள் என்பாள். அந்த அறையில் ஆட்டுரலும் கிடையாது, ஆளும் கிடையாது. அப்புறம் ஆட்டுகிறவர்கள் பேசவும் ஆரம்பித்தார்கள். கடைசிக் காலத்தை அம்மா எங்கே, எப்படிக் கழித்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அம்மாவுக்குக் கேட்டது ஆட்டுரல். எனக்குக் கேட்பது நடை. இரண்டும் வேறு வேறு. இதைச் சொர்ணத்திடம் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. புழுக்கம்தான் காரணம்.

ஜூன் 14, சனி

என் தொல்லை தாங்காமல் அவரே மச்சில் ஏறினார். மில்லில் பிட்டராக இருந்தவர், ஏணி ஏறுவதெல்லாம் அவருக்குப் பழக்கம். எனக்கு முட்டுவலி. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே கல்யாண அண்டாக்கள், பாய்ச் சுருள்கள், உடைந்த தொட்டில் எல்லாம் கிடக்கின்றன. டார்ச் அடித்துக்கொண்டு இடுப்பு வரை உள்ளே போனார். அப்போதுதான் கேட்டது. ஹ்ர்ர்ர் என்று ஒரு உறுமல். கோபத்தில் இருக்கிற பூனையை விடக் கனமான தொண்டை. அவருடைய வலது கைக்குப் பக்கத்தில், பெரிய அண்டாவுக்குப் பின்னால் இருந்து வந்தது.

"ஏங்க, உறுமுது. வலப்பக்கம் பாருங்க."

அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியை ஆட்டினேன். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்றார்.

"உறுமுது. உங்களுக்குப் பக்கத்துலதான்."

டார்ச்சை ஒரு சுற்று சுற்றினார். "ஒண்ணும் இல்ல உலகு. தூசியும் தும்பட்டையும்தான் கெடக்கு."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி உறுமியது. கீழே நிற்கிற எனக்குக் கேட்கிறது. கையெட்டுகிற தூரத்தில் இருப்பவர் ஒன்றும் இல்லை என்கிறார். யோசித்துப் பார்த்தால் இதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்.

இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சோறு எடுத்து வைத்தேன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

சொர்ணத்தின் மருமகன் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் 25ஆம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டார். சொர்ணம் அத்தானிடம் நேராகப் பேச ஆசைப்பட்டாள். அவர் போனை வாங்கவில்லை, என்னையே கேட்டுச் சொல்லச் சொன்னார். அவருக்குப் போன் என்றாலே ஆகாது.

"போய்ட்டு வந்துருவோம் உலகு. சும்மா பேசத்தானே போறோம். நான் கூட வாரேன்லா."

இவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. சாயங்காலம் காபியும் அவரே போட்டார். அதைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் முதல் தடவை சரி என்றுதான் சொன்னாள்.

ஜூன் 17, செவ்வாய்

முக்கியமான நாள்.

விளக்கு வைத்து முடித்திருந்தேன். அடுப்பு எரியவில்லை. ராத்திரிக்குத் தோசை என்பதால் சோறும் வடிக்கவில்லை. ஆனால் கூடம் முழுக்கச் சீரகச் சம்பா அரிசி வெந்து வடித்த வாசம். நெய் மட்டும்தான் பாக்கி, அப்படி ஒரு வாசம்.

காது போய் இப்போது மூக்கும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவினேன்.

அவர் புறவாசலிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "என்ன உலகு, இன்னைக்குப் பிரியாணியா?"

துருவலோடு தேங்காய் மூடியும் கீழே விழுந்தது. "உங்களுக்கும் வாசம் வருதா?"

"வருதாவா? மூக்கத் தொளைக்குதே."

ஒரு மூக்குக்குப் பைத்தியம் பிடிக்கலாம். இரண்டு மூக்குக்கும் ஒரே நேரத்தில், ஒரே அரிசியில் பிடிக்காது. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக ஊற்றினேன், எதற்கென்று அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பிரியாணி இல்லை, பக்கத்து வீட்டிலும் பூட்டு தொங்குகிறது என்று தெரிந்ததும் இப்போது பயம் அவருக்கு வந்துவிட்டது. "பாம்பு கொட்டாவி விட்டா உருளக்கெழங்கு வாசம்லா வரும்பாங்க. இது அரிசியால்லா இருக்கு," என்று கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஜூன் 18, புதன்

காலையில் முதல் வேலையாகக் கொல்லைக்குப் போனேன். பின்சுவர் மேல் எச்சம், ஒரே இடத்தில் பல நாள் எச்சம். பார்த்தால் பப்பாளி விதையும் அத்தி விதையும் ஒட்டிப் பிடித்து வைத்த உருண்டை மாதிரி இருந்தது. மரத்தில் பழுத்திருந்த பப்பாளி ஒன்று உள்ளே குடையப்பட்டு வெறும் தோலாகத் தொங்குகிறது. மாமரக் கிளை ஒன்று சுவரைத் தாண்டி ஓட்டின் மேல் போய்ப் படுத்திருக்கிறது. அது போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஓடு விலகி இருக்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அணிலா இருக்கும்."

"இம்புட்டு எச்சம் போடணும்னா அந்த அணில் ஆட்டுக்குட்டி சைசுக்கு இருக்கணும்."

வாசலுக்குக் கோலம் போடுகிற பொடியைக் கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்து, மச்சுப் பலகையில், ஓடு விலகிய இடத்துக்கு நேரே பரப்பி வரச் சொன்னேன். நடக்கிறது எதுவானாலும் கால் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் 25ஆம் தேதி நான் வாயைத் திறக்காமல் பஸ் ஏறுவேன். எனக்குள் இப்படி ஒரு ஒப்பந்தம்.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி சாரல். விலகிய ஓட்டின் வழியாகத் தண்ணீர் இறங்கி, பொடியெல்லாம் களியாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை என்றார். துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.

25ஆம் தேதிக்குப் போட வேண்டிய சட்டையை இன்றைக்கே தேய்த்து மாட்டியிருக்கிறார். அந்தச் சட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அவர் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, முட்டில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். இந்தத் தடவை யார் சொல்லியும் கேட்டுக்கொள்வதாக இல்லை.

பொடியில் கால் தடம் இருக்கிறது.

வரிசையாக, அச்சுப் போட்ட மாதிரி. பூனைக்கு நாலு விரல்தான் பதியும், வீட்டில் பூனை வளர்த்தவள் எனக்குத் தெரியும். இங்கே ஐந்து. பெரிய தடத்துக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாகச் சின்னத் தடங்கள். தடம் போன வழியே டார்ச்சை அடித்தேன். அண்டாவுக்குப் பின்னால் பாய்ச் சுருளுக்குள் கண்கள் மின்னின. கறுத்த முகம், சாம்பல் உடம்பு, உடம்பளவுக்கு வால். மரநாய். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள்.

ஹ்ர்ர்ர் என்றது.

"நல்லா உறுமு தாயி," என்றேன்.

இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அம்மா, எனக்கு வரவில்லை. உனக்கு வந்தது எனக்கு வரவில்லை. கூடத்தில் யாரும் இல்லாததால் இதை வாய்விட்டும் சொன்னேன்.

சொர்ணத்துக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவளும் அழுதாள். வனத்துறை அலுவலகத்துக்கும் பேசினேன். "அந்த அரிசி வாசம் மரநாயோடதுதான்மா. அது போற வாற இடத்துல பூசிவைக்கும்," என்றார் போனை எடுத்தவர். பிடிக்கவோ அடிக்கவோ கூடாதாம், சட்டப்படி குற்றம். குட்டிகள் உள்ளே இருக்கும்போது ஓட்டை அடைத்தால் தாய் கூரையையே பிய்த்துவிடுமாம். வெளிச்சமும் சத்தமும் கொடுத்தால் தானாகவே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும், போன பிறகு அடையுங்கள் என்றார்.

ஜூன் 21, சனி

இரவு நன்றாகத் தூங்கினேன். விடியும்போது ஒரு விஷயம் உறைத்தது.

சத்தம் நிஜம். உறுமல் நிஜம். அப்படியானால் கையெட்டுகிற தூரத்தில் நின்றவருக்கு அது ஏன் கேட்கவில்லை?

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். "ஏங்க, வீட்டுக்குள்ள மாடு வந்துட்டு," என்றேன். பக்கத்தைத் திருப்பினார். "உங்க வேட்டியத் திங்குது," என்றேன். விளையாட்டுச் செய்தியில் மூழ்கியிருந்தார்.

முன்னால் போனேன். அவர் நிமிர்ந்ததும், குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். காபி போடட்டுமா?

"சக்கரை கம்மியா," என்றார்.

மில்லில் எந்திரங்கள் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் அவர் அதைச் செய்து காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார். அந்த வித்தையை வைத்து எத்தனை காலமாக வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ. டிவி சத்தம், எடுக்காத போன், ஆள் வந்து தட்டினாலும் திறக்காத கேட். எக்ஸ்சேஞ்சையே காதால் ஓட்டியவள் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு இது தெரியவில்லை.

காபியில் சக்கரை கம்மியாகத்தான் போட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அதையும் குரலில்லாமல்தான் கேட்டேன்: எவ்வளவு காலமா காது கேக்கல?

தப்பிக்க முடியாது என்று புரிந்துகொண்டார். பேப்பரை மடித்து வைத்தார்.

"மில்லுல இருக்கும்போதே லேசாத் தொடங்கிட்டு. இப்பம் ரெண்டு மூணு வருசமா ரொம்ப."

"ஏன் சொல்லல?"

"எங்க சித்தப்பா காதுல மெஷின் வச்சுட்டு வந்தப்ப நீ கல்யாண வீட்டுல வச்சு என்ன கூத்தடிச்ச? ரேடியோ மாமான்னு பேர் வச்சது யாரு?"

நான்தான். நல்ல பேர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் விடவில்லை.

"அதுக்காக எனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகத் தயாராயிட்டீங்களா?"

"அப்படி இல்ல உலகு. உனக்குக் கேட்டது நெசமாத்தான் இருக்கும்னு பாதி மனசுல தோணிச்சு. டாக்டர் உன்னய நல்லாருக்கன்னு சொல்லி அனுப்பிருவாரு, என் விசயம் வெளிய வராம போயிரும்னு நெனச்சேன். மச்சுலேருந்து எறங்கும்போது உன் மொகத்தப் பாத்தேன் பாரு, அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

கோபம் தலைக்கேறியது. இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அடுப்படிக்குள் போனேன். மத்தியானம்தான் உறைத்தது, நான் பேசாமல் இருந்தால் அவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் திரும்பி வந்து, முகத்துக்கு நேரே நின்று, நிதானமாக வாயைத் திறந்து திட்டினேன். ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

மச்சில் பல்பு போட்டார். பழைய ரேடியோவை மேலே வைத்து, அவருக்குப் போதும் என்று தோன்றுகிற அளவுக்குச் சத்தத்தைத் திருகினார். மரநாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

ஜூன் 25, புதன்

அதே சட்டை, அதே பஸ், அதே திருநெல்வேலி. மனநல டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனோம். நான் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே போனேன். இந்தப் பயணத்துக்கா இத்தனை நாள் நடுங்கினேன் என்று இருந்தது.

கண்ணாடி அறையில் உட்கார வைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். என் தலையில் இருபத்தேழு வருஷம் இருந்த சாமான். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அவர் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் சோதிக்கிற அம்மாள் மெஷினில் சத்தத்தை ஒவ்வொன்றாகத் திருகினாள். அவர் விரல் அசையவே இல்லை. அசையும், அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கோ தான் ஒன்றும் தவறவிடவில்லை என்றுதான் எண்ணம். நன்றாகச் செய்கிறேனா என்பது போல என்னைப் பார்த்து ஒரு தரம் சிரிக்கவும் செய்தார்.

என் கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது அல்வா வாங்கினோம்.

ஜூன் 27, வெள்ளி

தாய்க்காரி கிளம்பிவிட்டாள். பொழுது சாயும் நேரம், நாங்கள் இருவரும் கொல்லையில் கிணற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு மாங்கிளை வழியாக இறங்கி, சுவர் மேல் ஓடி, தோப்புக்குள் மறைந்தது. திரும்பி வந்து அடுத்தது. மூன்றாவதற்கு ரொம்ப நேரம் வரவில்லை. ஏதாவது வண்டியில் அடிபட்டுவிட்டதோ என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர்தான் முதலில் பார்த்தார். என் தோளைத் தட்டிச் சுவர்ப் பக்கம் கை காட்டினார். கண் இன்னும் நன்றாக இருக்கிறது அவருக்கு.

மச்சில் புதிதாகப் பொடி பரப்பியிருக்கிறோம்.

ஜூன் 29, ஞாயிறு

பொடியில் இரண்டு நாளாக ஒரு தடமும் இல்லை. இன்று அடைத்தோம்.

அவர் கூரை மேல், நான் கீழே. விலகிய ஓட்டை மாற்றினார். சுவரும் ஓடும் சேரும் சந்தில் கம்பி வலை வைத்து ஆணி அடித்தார். மாங்கிளையை ஓட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டினார். பப்பாளியைக் காயாகவே பறித்துக் கூட்டு வைத்துவிட்டேன், இனிப் பழுக்க விடுவதில்லை.

வேலை தொடங்கும் முன்பு மில் சாடைகளைச் சொல்லிக்கொடுத்தார். சுத்தியலுக்கு ஒன்று, ஆணிக்கு ஒன்று, நிறுத்து என்பதற்கு ஒன்று. மேலே இருப்பவரிடம் தொண்டை கிழியக் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் வேலை நடந்தது. முடிவில் நானாக ஒரு சாடை போட்டேன், இறங்கி வாருங்கள், சாப்பிடலாம் என்று. அப்படி ஒரு சாடை மில்லில் கிடையாதாம். ஆனாலும் உடனே இறங்கிவிட்டார்.

ஜூலை 9, புதன்

மெஷின் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஃபேன் இப்படியா சத்தம் போடும்?"

"நாலு வருசமா."

குக்கர் விசிலுக்குத் துள்ளினார். டிவியை அவராகவே குறைத்தார். அடுப்படியில் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கூடத்திலிருந்து கேட்டு, "யார வையுத?" என்றார். இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ரேடியோ மாமா என்று நான் சொல்லவில்லை. நினைத்ததோடு சரி.

ஜூலை 13, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தால் கூடத்தில் ஏணி நிற்கிறது. அவர் டார்ச்சோடு பாதி ஏணியில் நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உலகு, திரும்ப வந்துட்டு. இப்பம் என் காதாலேயே கேட்டேன். ஹ்ர்ர்ருன்னு உறுமிச்சு. நீ சொன்னியே, அதே உறுமல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை இறங்கச் சொல்லிவிட்டு முட்டுவலியோடு நானே ஏறிப் பார்த்தேன். வலை அசையவில்லை. ஓடு சரியாக இருக்கிறது. பொடியில் ஒரு பல்லியின் தடம்கூட இல்லை. வாசமும் இல்லை.

"எப்பம் கேட்டுது?"

"நீ படுத்ததுலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. வரவர ஏறிச்சு. நீ எந்திரிச்சதும் நின்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் படுத்திருந்த பாயைப் பார்த்தார். காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மீசைக்குக் கீழே சிரிப்பு மெதுவாக வந்துகொண்டிருந்தது.

நான் ஏணியில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றேன்.